சூடானதும் நின்றுபோகும் பழைய புல்லட்: கோளாறை எங்கே பிடிப்பது?

கேள்வி: பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்) வைத்த பழைய 350 புல்லட், 12 வோல்ட். காலையில் இரண்டாவது கிக்கில் எடுத்துவிடுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் மிஸ் அடித்து நின்றுவிடுகிறது. அப்போது எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. அரைமணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. பிளக், காயில் இரண்டும் மாற்றியாயிற்று. அடுத்து எதை மாற்றுவது?

பதில்:

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். இந்தக் கோளாறுக்கு ஆயுள் அரைமணி நேரம்தான். ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் எஞ்சின் ஆறிவிடும். ஆறிய வண்டியில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். மெக்கானிக்கும் வேறு வழியில்லாமல் குத்துமதிப்பாக ஒவ்வொரு சாமானாக மாற்றுவார். வண்டி நின்ற இடத்தில், முதல் ஐந்து நிமிடத்துக்குள் பார்த்தால் பாதிச் சந்தேகங்களை அங்கேயே கழித்துவிடலாம். அதற்கு டூல் பாக்ஸில் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பேனர், நன்றாக ஓடிய பிளக் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த ஒரு மீட்டர் ஒயர் இரண்டு, கண்டென்சர் ஒன்று. மல்ட்டிமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

முதலில் பெட்ரோலைக் கழித்துவிடுங்கள், அது ஒரு நிமிட வேலை. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி எடுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஓட ஓட டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றுபோகும்; கொஞ்ச நேரம் விட்டால் காற்று கசிந்து உள்ளே போய்ச் சரியாகிவிடும். சூட்டுக் கோளாறு மாதிரியே தெரிவதால் பலரை இது ஏமாற்றுகிறது. மூடி சரியாக இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை உதைத்த பிறகும் முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு (பிளக் முனையில் பாயும் பொறி) வரவில்லை.

டேப்பெட்டும் (வால்வைத் திறக்கும் புஷ் ராடைத் தள்ளும் பாகம்) ஒரு சந்தேகம்தான். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் டேப்பெட் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைப்பதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் மேல் முனையில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை), புஷ் ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக வைத்திருந்தால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். நின்ற வண்டியில் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நெருப்பு. கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். உதைக்கும்போது அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், தீப்பிடித்துவிடும். கையால் பிடிக்காதீர்கள். சாவி போட்டு உதைத்தால் பகல் வெளிச்சத்திலும் தெரியும்படி நீலமாக, 'டிக்' என்ற சத்தத்தோடு பாய வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் நூல்போல் வந்தால் அதைக் கரண்ட் வருகிறது என்று கணக்கில் எடுக்காதீர்கள். திறந்த காற்றில் பாய்வது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட அதைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். வெளியே நூலாக வருவது உள்ளே வரவே வராது. அந்த நேரத்தில் கையிருப்புப் பிளக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. புதுப் பிளக் என்பதாலேயே அது நல்ல பிளக் ஆகிவிடாது. போலிகள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன, சூடானதும் பீங்கானுக்குள் லீக் ஆகும்.

நெருப்பு இல்லை அல்லது மெலிந்திருக்கிறது என்றால் பாயின்ட் புல்லட்டில் இருக்கும் ஒரு வசதியைப் பயன்படுத்துங்கள்: ஹெட்லைட் மேல் இருக்கும், கரண்ட் போவதை முள்ளால் காட்டும் அம்மீட்டர். பழைய ஆட்கள் முள்ளைப் பார்த்துத்தான் கிக் அடிப்பார்கள். டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் லிவர்) பிடித்துப் பிஸ்டனை மேல் முனைக்குச் சற்று அப்பால் நகர்த்தவும் அந்த முள்தான் வழிகாட்டி. கோளாறு பார்க்கவும் அதே முள் உதவும்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அம்மீட்டர், சாவி, காயில், பாயின்ட், அங்கிருந்து எர்த் (வண்டியின் உலோக உடம்பு). கரண்ட் போகும் பாதை இவ்வளவுதான். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் (பிரைமரி கம்பிச் சுருளில்) கரண்ட் ஓடிக் காந்தம் ஏறுகிறது. பாயின்ட் திறந்ததும் அந்தக் காந்தம் பட்டென்று விழ, இரண்டாவது சுற்றில் (செகண்டரி சுருளில்) பல ஆயிரம் வோல்ட் பிறந்து பிளக்குக்குப் போகிறது. ஆக, முதல் சுற்றுப் பக்கம் ஒன்று, இரண்டாம் சுற்றுப் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்பதை முள் சொல்லிவிடும்.

விளக்குகளை அணைத்துவிட்டு, சாவி போட்டு, பிளக் கழற்றிய நிலையிலேயே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சுமார் 3 ஆம்பியர் விழ வேண்டும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவை இப்படி ஆடும்.

முள் அசையவே இல்லை என்றால் கரண்ட் பாயின்ட் வழியாக எர்த்துக்குப் போகவில்லை. ஃபியூஸ் ஹோல்டர், சாவி, அம்மீட்டர் முனை, காயிலின் முதல் சுற்று, அழுக்குப் பிடித்த பாயின்ட், இவற்றில் ஒன்று. முள் மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது காயிலுக்கும் பாயின்ட்டுக்கும் நடுவே எங்கோ எர்த் அடிக்கிறது, அல்லது கண்டென்சர் ஷார்ட். முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் நெருப்பு இல்லையென்றால் கண்டென்சர், காயிலின் இரண்டாம் சுற்று, ஹெச்.டி. ஒயர் (காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த ஒயர்), பிளக் கேப். உங்கள் வண்டி சொல்வதை வைத்துப் பார்த்தால் இந்த மூன்றாவது வகையில் விழ வாய்ப்பு அதிகம். ஆனாலும் முதல் வகையை ஒரே ஒயரில் சோதித்துவிடலாம் என்பதால் அதைச் செய்துவிடுங்கள்.

பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து காயிலின் சாவிப் பக்க முனைக்கு நேராக ஒரு ஒயர் கொடுங்கள். மைனஸ் எர்த் வண்டிக்கு இது. மிகப் பழைய வண்டியில் ப்ளஸ் எர்த்தாக இருக்கலாம், பேட்டரியின் எந்த முனை சேஸிஸில் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மறு முனையிலிருந்து எடுங்கள். இப்படி 'டைரக்ட்' கொடுத்ததும் வண்டி எடுத்தால் காயில், பாயின்ட் எல்லாம் நன்றாக இருக்கின்றன. சாவியிலோ அம்மீட்டர் முனையிலோ லூஸ் கான்டாக்ட். புல்லட்டின் அதிர்வுக்கு அம்மீட்டர் நட்டுகள் தளர்வது சாதாரணம், இந்த வண்டியின் மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் போகிறது. இப்படி வீடு வந்து சேரலாம், ஆனால் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. டீகம்ப்ரஸரைப் பிடித்து நிறுத்திவிட்டு உடனே ஒயரைக் கழற்றுங்கள்.

கண்டென்சர். சூட்டில் நின்று ஆறினால் ஓடும் வண்டிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் நிற்க மனமில்லாமல் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். முதல் சுற்றிலேயே அப்போது இருநூறு வோல்ட்டுக்கு மேல் எகிறும். கண்டென்சர் அதைத் தனக்குள் வாங்கிக்கொண்டால்தான் காந்தம் பட்டென்று விழும், பிளக்கில் நெருப்பு பலமாக வரும். அது வேலை செய்யாவிட்டால் நெருப்பு பாயின்ட்டிலேயே எரிந்து தீர்ந்துவிடும். உள்ளே இருப்பது மெல்லிய உலோகத் தாளும் காப்புத் தாளும் சேர்த்துச் சுருட்டிய சுருள். சூட்டில் விரியும்போது உள் இணைப்பு விட்டுப்போகும் அல்லது காப்பு லீக் ஆகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். எஞ்சினை ஒட்டியே பாயின்ட் கூட்டுக்குள் அது உட்கார்ந்திருப்பதால் வேகத்தான் செய்யும்.

அடையாளம் எளிது. பாயின்ட் மூடியைக் கழற்றிவிட்டு நிழலில் உதைத்துப் பாருங்கள். பாயின்ட்டில் மிகச் சிறிய பொறி தெரிந்தால் பரவாயில்லை. பளிச்பளிச்சென்று நீலமாகப் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. இரண்டு மாதம் முன் போட்ட பாயின்ட் கருகிக் குழி விழுந்திருந்தாலும் அதே காரணம்தான். மல்ட்டிமீட்டரில் கொள்ளளவு பார்க்கும் வசதி இருந்தால் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். ஆனால் மீட்டர் தருவது சில வோல்ட். கண்டென்சர் தாங்க வேண்டியது சில நூறு வோல்ட். ஆறிய நிலையில் மீட்டரில் நன்றாகக் காட்டுவது சூட்டில் ஏமாற்றும். மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை: நின்ற வண்டியில் பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டு, கையிருப்புக் கண்டென்சரின் ஒயரைக் காயிலின் பாயின்ட் பக்க முனையிலும் உடம்பை நல்ல எர்த்திலும் கிளிப் போட்டு உதையுங்கள். பழையதைக் கழற்றாமல் பக்கத்தில் சேர்த்தால், அது லீக் ஆகிக்கொண்டிருந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

இது சரிசெய்துவிட்டது என்றால் புதியதை மறுபடியும் அதே அடுப்புக்குள் வைக்க வேண்டியதில்லை. டேங்குக்கு அடியிலோ காயிலுக்குப் பக்கத்திலோ ஃப்ரேமில் பெயின்ட் சுரண்டி, ஸ்க்ரூ போட்டு இறுக்கி, ஒயரைக் காயிலின் பாயின்ட் பக்க முனையில் கொடுங்கள். மின்சுற்றுக்கு இரண்டும் ஒரே புள்ளிதான். இடம் மாறியதற்காக எதுவும் கெடாது. பாயின்ட் வைத்த பழைய கார்களின் கண்டென்சரும் ஏறக்குறைய இதே அளவுதான். உடம்பு பெரிதாக, உறுதியாக இருக்கும். வெளியே மாட்டுவதற்கு எனக்கு அதுவே பிடிக்கும்.

காயில் மாற்றியாயிற்று என்கிறீர்கள். மாற்றியது 12 வோல்ட் காயில்தானா? கடையில் 6 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் ஒரே உருவத்தில் கிடைக்கும். முதல் சுற்றின் இரு முனைகளுக்கும் நடுவே, ஒயர்களைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். 12 வோல்ட் காயில் 3 முதல் 4 ஓம் காட்டும். 6 வோல்ட் காயில் அதில் பாதிகூட இருக்காது. 6 வோல்ட் காயிலை 12 வோல்ட் வண்டியில் மாட்டினால் இரு மடங்குக்கும் மேல் கரண்ட் இழுத்துக் கால்மணி நேரத்தில் தொட முடியாமல் சுடும், பாயின்ட்டையும் கருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறியை அப்படியே உண்டாக்கும். ஹெச்.டி. முனைக்கும் முதல் சுற்று முனைக்கும் நடுவே பல ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். மீட்டர் முள் நகராமலே இருந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. ஆறினபோது அளந்ததை எழுதி வைத்துக்கொண்டு, நின்ற வண்டியில் மறுபடியும் அளங்கள். சூட்டில் சற்று ஏறுவது இயல்பு, தலைகீழாக மாறினால் காயில் கோளாறு. மீட்டர் இல்லையா, நனைத்த துணியைக் காயிலின் உடம்பில் மட்டும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள், முனைகளில் தண்ணீர் படாமல். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி எடுத்தால் காயில்தான்.

நல்ல காயிலையும் கெடுக்கும் ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் ஓடாதபோது சாவியைப் போட்டபடி விடுவது. பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 3 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடும், அதாவது நாற்பது வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள். நண்பரோடு பேசிக்கொண்டே பத்து நிமிடம் சாவி போட்டு நின்றால் போதும்.

ஹெச்.டி. ஒயர் செம்புக் கம்பி உள்ளதாக இருக்கட்டும். பிளக் கேப்பைச் சுழற்றிக் கழற்றி, ஒயர் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியும்படி மறுபடி திருகுங்கள். இரவில் எஞ்சின் ஓடும்போது கேப்பிலோ ஒயரிலோ நீலமாகப் பொறி ஊர்ந்தால் அங்கே விரிசல். மழையில் மட்டும் நிற்கும் வண்டிகளுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

பாயின்ட்டுக்கு வருவோம். சூடு, ஆறுதல் என்ற உங்கள் கதைக்கு இது நேரடிக் காரணமாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாயின்ட்டைச் சரிசெய்யாமல் மற்றது எதையும் நம்ப முடியாது. எஞ்சினைத் திருப்பி, பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் பாயின்ட் அதிகமாகத் திறந்து நிற்கும்போது ஃபீலர் கேஜ் வையுங்கள். 0.35 முதல் 0.40 மி.மீ. முகத்தில் ஒருபுறம் குழியும் மறுபுறம் மேடும் இருந்தால் கேஜ் மேட்டில் படும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே முதலில் பாயின்ட் அரத்தால் மேட்டைச் சமமாக்குங்கள். உப்புத்தாள் போட்டால் மணல் துகள் முகத்தில் பதிந்து கரண்டைத் தடுக்கும். வேறு வழியில்லை என்றால் மிக நைசான தாளால் தேய்த்துவிட்டு, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவே வைத்து, கறுப்பு வராத வரைக்கும் இழுங்கள். புதுப் பாயின்ட்டுக்கும் இது அவசியம். துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் அதன் முகத்தில் இருக்கும். புதுப் பாயின்ட் போட்டதும் வண்டி எடுக்கவில்லை என்ற புகாரில் பாதி இதுதான். மீதிப் பாதி, ஸ்ப்ரிங்கும் ஒயரும் உடம்பைத் தொடாமல் தடுக்கும் ஃபைபர் வாஷர்களை இடம் மாற்றிப் போட்டது. கழற்றுமுன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் பார்ப்பதானால், சாவி போட்டு, பாயின்ட்டின் அசையும் பக்கத்துக்கும் எர்த்துக்கும் நடுவே: திறந்திருக்கும்போது முழு பேட்டரி வோல்டேஜ், மூடியிருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். மூடியும் அரை வோல்ட், ஒரு வோல்ட் நிற்கிறதென்றால் முகம் அழுக்கு அல்லது பாயின்ட் தட்டுக்கு எர்த் சரியில்லை. திறந்தும் பூஜ்யம் என்றால் கண்டென்சர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். வோல்டேஜ் வந்தால் கண்டென்சர் ஷார்ட், வராவிட்டால் மேலே சொன்ன எர்த் அல்லது அறுந்த காயில்.

கேம்மேல் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங்கும் (பிளக்கில் பொறி வரும் நேரம்) கூடவே தாமதமாகும். கேம் உலர்ந்து கிடந்தால் வேகமாகத் தேயும். கேம்மேல் துளி கிரீஸ் தடவுங்கள்; துளிதான், அதிகமானால் சூட்டில் உருகிப் பாயின்ட் முகத்தில் தெறிக்கும். பாயின்ட் தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆடினால் நீங்கள் வைத்த 0.40 ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு எண்ணாக இருக்கும், ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது.

இடைவெளி சரியான பிறகே டைமிங். வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண், ஏனென்றால் இடைவெளியைக் கூட்டினால் பாயின்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முந்தும். ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடும்போது எடைகள் விரிந்து டைமிங்கைத் தானாக முந்தவைக்கும் அமைப்பு) உள்ள பாயின்ட் புல்லட்டுக்கு, எடைகள் மூடிய நிலையில், பிஸ்டன் மேல் முனைக்கு 0.8 மி.மீ. முன்பு பாயின்ட் பிரியத் தொடங்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நாலாவது கியரில் பின்சக்கரத்தைத் திருப்பி, இரண்டு புஷ் ராடும் தாராளமாகச் சுழலும் மேல் முனையைக் கண்டுபிடியுங்கள். டெஸ்ட் பல்பைப் பாயின்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தால், திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். சைக்கிள் ஸ்போக்கைப் பிளக் துளையில் விட்டு அளப்பது எல்லோரும் செய்வது. ஆனால் புல்லட்டின் பிளக் துளை சாய்ந்திருக்கிறது. ஸ்போக் வழுக்கும், அளவும் நேரடியாக வராது, 0.8 மி.மீ. என்ற சின்ன எண்ணில் இது பெரிய பிழை. கிராங்கில் டிகிரி வட்டம் மாட்டுவது நல்லது. மேல் முனையைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கி வாருங்கள், கியர் பற்களின் தளர்வு கணக்கில் வந்துவிடக் கூடாது. பாயின்ட் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தித் தட்டைத் திருப்பி அமைக்கலாம்.

தட்டுக்குப் பின்னால் இருக்கும் அட்வான்ஸ் எடைகளை மறக்காதீர்கள். கேமை விரலால் திருப்பி விட்டால் ஸ்ப்ரிங் இழுத்துப் பழைய இடத்துக்கே வர வேண்டும். விரிந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம். மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் இழுவை இருக்காது, எஞ்சின் அளவுக்குமீறிச் சுடும், சைலன்ஸர் பெண்டு நீலம் பாயும். இப்படி எஞ்சின் கூடுதலாகச் சுட்டால் கண்டென்சரும் சீக்கிரமே சாகும்.

இன்னும் ஒன்று: பேட்டரி. அல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது) சார்ஜ் பண்ணாத வண்டியும் உங்கள் வண்டி மாதிரியே நடிக்கும். இருக்கும் சார்ஜில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கும். அரைமணி ஓய்வில் பேட்டரி சற்றுத் தேறி மறுபடி எடுக்கும். வித்தியாசம் என்னவென்றால், ஹெட்லைட் போட்டால் முன்னதாகவே நிற்கும், நிற்குமுன் ஹார்ன் சத்தம் கம்மும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும்; எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஓட்டத்தில் அம்மீட்டர் முள் மைனஸிலேயே கிடந்தால் நெருப்புப் பக்கம் தேடுவதை விட்டுவிட்டு அல்டர்னேட்டர் ஒயர்களையும் ரெக்டிஃபையரையும் (அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றுவது) பாருங்கள்.

பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாமா என்ற யோசனை அடுத்து வரும். போடலாம், பாயின்ட் தேய்மானம் என்ற தலைவலி போகும். ஆனால் இப்போது இருக்கும் கோளாறு சாவியிலோ சார்ஜிங்கிலோ இருந்தால் கிட் போட்ட பிறகும் அது அப்படியே இருக்கும். கிட் நடுரோட்டில் போனால் அரமும் விசிட்டிங் கார்டும் உதவாது. எனவே பழைய பாயின்ட் தட்டைக் கழற்றியபடியே டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு நான் செய்யச் சொல்லும் வரிசை: இன்று ஆறிய நிலையில் காயில் ஓம் அளந்து எழுதி வையுங்கள், பாயின்ட்டைச் சுத்தம் செய்து 0.40 வையுங்கள், ஓட்டத்தில் பேட்டரி வோல்டேஜ் பாருங்கள். நாளை கண்டென்சரையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். நின்றதும் டேங்க் மூடி, பிளக், முள், டைரக்ட் ஒயர், கண்டென்சர், ஈரத்துணி, இந்த வரிசையில். எந்த இடத்தில் வண்டி எடுத்தது என்று குறித்து இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.